அரை நாள் பூட்டு

நாவல்முறிப்புப் பட்டினத்தின் பொருளாதாரத்தை வளர்ப்பதற்கு அங்குள்ள வர்த்தகர் சங்கம் பல வழிகளையும் ஆராய்ந்து, கடைசியில் ஒரு வழியைக் கண்டுபிடித்தது. கடைகளைப் பூட்டுவதுதான் அந்த வழி.

வெளியூர்க்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. நாவல்முறிப்பில் ஒருவரும் சிரிப்பதில்லை. அங்கே எந்த நாளில் சிரித்தாலும் அது யாரோ ஒருவருடைய செத்தவீட்டு நாளாக இருக்கும்.

சண்டை முடிந்த கையோடு அந்தச் சந்தியில் மூன்று கடையும் ஒரு சோதனைச் சாவடியும்தான் இருந்தன. இப்போது இரண்டு வங்கி, நாலு இரும்புக்கடை, எண்ணிச் சொல்ல முடியாத ரெலிபோன் கடைகள். முடிவெட்டும் கடை மட்டும் பதினொன்று. ஆள் பிடிக்கிற போட்டியில் வழுக்கைத் தலைக்காரர்கூட மாதம் இருமுறை வெட்டிக்கொள்ள வேண்டிய நிலைமை. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ் முன்பு அங்கே நிற்பதில்லை. இப்போது பத்து நிமிடம் நிற்கிறது. ஆகவே அது நகரம்தான் என்று சங்கம் முடிவெடுத்து, சந்தியில் பெயர்ப்பலகையும் நட்டுவிட்டது.

சங்கத்தின் யாப்பிலே பதினாலாம் பிரிவு என்று ஒன்று உண்டு. ‘அங்கத்தவர் ஒருவரின் இரத்த உறவினர் இறக்குமிடத்து, நகரின் சகல கடைகளும் அரை நாள் மூடப்பட்டு அஞ்சலி செலுத்தப்படும்.’ அங்கத்தவர் இருபது பேராக இருந்த காலத்தில் அது நல்ல வழக்கம். வருடத்தில் மூன்று நாலு முறை பூட்டினார்கள். மரியாதையாகவும் இருந்தது, அலுமாரித் தட்டுத் துடைக்க நேரமும் கிடைத்தது. பிறகு கடை பெருகியது. கடை பெருக அங்கத்தவர் பெருகினர். அங்கத்தவர் பெருக உறவினர் பெருகினர். உறவினர் பெருகினால் சாவு பெருகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து மாமன், மாமி, சகலன், சம்பந்தி எல்லாரையும் இரத்த உறவுக்குள் அள்ளிப் போட்டார்கள். எதிர்த்துக் கை உயர்த்த ஆளில்லை. மாமியாரின் சாவுக்கு மரியாதை வேண்டாமென்று எந்த மருமகன் சபையில் எழும்பிச் சொல்லுவான்?

வெளிநாட்டுச் சாவு வந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. இங்கே பகலென்றால் கனடாவில் இரவு. எந்த நாட்டு நேரத்துக்குப் பூட்டுவது? இரண்டரை மணித்தியாலம் விவாதித்து, இரு நாட்டு நேரத்துக்கும் மரியாதை செய்வதென்று இரண்டு அரை நாள் பூட்டினார்கள். இரண்டு அரை நாள் என்றால் ஒரு நாள்தானே என்று கணக்குப் படித்தவர்கள் நினைக்கலாம். நாவல்முறிப்பில் அப்படியில்லை, அது இரண்டு நாள். காலை பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன கடைக்காரன் சோறு தின்று படுத்தால், அவனைப் பின்னேரம் எழுப்பிக் கடை திறக்க வைக்கும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

இப்படியாகப் போன வருடம் மட்டும் நூற்றுப் பதினேழு முறை நகரம் பூட்டப்பட்டது. ‘நூற்றுப் பதினேழு துயரங்களில் எமது சங்கம் நகரத்தோடு கைகோர்த்து நின்றது’ என்று ஆண்டறிக்கையில் இருந்தது. விருந்தினராக வந்திருந்த வங்கி முகாமையாளர் கைதட்டினார். வங்கி சங்கத்தில் அங்கத்தவரல்ல.

தலைவர் நடராசாவுக்கு இதில் ஒரு பொருளாதாரக் கொள்கையும் இருந்தது. “பூட்டினால் சனத்துக்கு ஏக்கம் வரும். ஏக்கம் வந்தால் அடுத்த நாள் ரெட்டை மடங்கு வாங்கும். இதைத்தான் பெரிய பெரிய நாடுகளும் செய்யுது” என்பார். எந்த நாடு என்று கேட்டால், “கனக்க நாடு” என்பார். அவருடையது இரும்புக்கடை. கம்பி அழுகாது, ஆணி நாறாது. தவிர, பூட்டு நாட்களில் அவருடைய முன்கதவில் வெள்ளைக் கொடி ஆடும்போது பின்கதவில் லொறி நிற்கும். செயலாளர் நிஷாந்தனுக்கோ அச்சகம். நூற்றுப் பதினேழு கண்ணீர் அஞ்சலிப் பதாகையையும் அடித்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

இந்த நகரத்தில், பொதுச்சந்தையின் ஏழாம் இலக்கக் கடையில், எமில்டா மீன் விற்றாள்.

அவள் நாயாற்றுக்காரி. தம்பி அன்ரன் வள்ளத்தில் பிடிப்பதும், களப்பில் அவனுடைய கூட்டாளிகள் பிடிக்கும் இறாலும், பட்டா வாகனத்தில் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டிகளில் காலை ஆறு மணிக்கு வந்து இறங்கும். சந்தைக் கடை பிரதேச சபையுடையது. ஆனால் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் அது கிடைக்காது. சங்கத்தில் சேராமல் கடிதம் கிடைக்காது. ஆகவே எமில்டாவும் முன்னூற்றுப் பன்னிரண்டாம் இலக்க அங்கத்தவர். ஏழு வருடம் நடந்து வாங்கிய கடை. அது இல்லாத காலத்தில், அன்ரன் பிடித்ததையெல்லாம் கரையிலே வந்து நிற்கிற லொறி முதலாளி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டியிருந்தது.

மீன் விற்கிறவளுக்கு வருடத்தில் எத்தனை நாள் உண்டென்று எமில்டாவைக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை சைவம். செவ்வாயும் பாதிப்பேர் சைவம். கந்தசஷ்டி, திருவெம்பாவை, கௌரிக் காப்பு. வாடை பெயர்ந்தால் வள்ளம் இறங்காது. தவக்காலத்து வெள்ளியில் அவளே தொடமாட்டாள். இத்தனையும் போக மிஞ்சுவதில் ஞாயிற்றுக்கிழமைதான் ராசா. மரணங்களும் அதைக் கண்டுபிடித்துவிட்டன போலும். ஞாயிற்றுக்கிழமையாய்ப் பார்த்துத்தான் வந்தன.

மீனுக்கு அஞ்சலி செலுத்தத் தெரியாது என்றில்லை. அரை நாள் மௌனமாக இருக்கச் சொன்னால் இருக்கும். அதற்குப் பிறகு அது பேசத் தொடங்கினால் சந்தி வரைக்கும் கேட்கும்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. தொண்ணூறு கிலோ வந்திருந்தது. பாரை, விளைமீன், உயிர்ச்சூடு ஆறாத களப்பு இறால். எமில்டா தட்டிலே பரப்பி, முதல் ஆளுக்கு நிறுத்துக்கொண்டிருக்கையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வந்தது. அந்த ஓட்டோவின் சத்தம் கேட்டால் சந்தியில் நிற்கும் நாய்கள்கூடத் தாமாகவே வாலைச் சுருட்டிக்கொண்டு கடைவாசலை விட்டு எழும்பிப் போகும், அவ்வளவு பழக்கம்.

‘எமது சங்கத் தலைவர் நடராசா அவர்களின் பாரியாரின் பெரிய தகப்பனார், கனடா ரொறன்ரோ நகரில்...’

எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த வீரையா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்தான். அவனுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நெளுக்குளத்தில் குடியேறியவர்கள். பேச்சில் மலைநாடு இன்னும் இருந்தது.

“அக்கா, மூடிருங்க. தலைவர் வூட்டு சாவு. இன்னிக்கு விடமாட்டாங்க.”

“எத்தினை வயசாம் ஆளுக்கு?”

“தொண்ணூத்தாறாம்.”

“தொண்ணூத்தாறு வருஷம் பொறுத்த மனுசன், திங்கட்கிழமை மட்டும் பொறுத்தால் என்னவாம்?” என்றாள் எமில்டா, கத்தியைக் கீழே வைக்காமல்.

சங்கக் கட்டளை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நிஷாந்தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். சந்தை முழுக்கப் பூட்டியிருந்தது. ஏழாம் இலக்கத்தில் மட்டும் ஆறேழு பேர் பையோடு நின்றார்கள்.

“எமில்டாக்கா, கேக்கேல்லையோ? பூட்டச் சொல்லி அறிவிச்சாச்சு.”

“எனக்குக் கேட்டது தம்பி. மீனுக்குத்தான் கேக்கேல்லை. நீர் ஒருக்காக் குனிஞ்சு அதுகளின்ர காதுக்குள்ள சொல்லிப் பாரும்.”

“பகிடி விடாதைங்கோ. தலைவற்றை குடும்பத் துக்கம்.”

“துக்க வீட்டுக்காரர் ஏன் பின்பக்கத்தால சீமெந்து ஏத்துறார்?”

நிஷாந்தன் அங்குமிங்கும் பார்த்தார். “அது... அது முதலே சொல்லி வைச்ச ஓடர்.”

“இதுவும் அப்பிடித்தான். கடல் முதலே அனுப்பிப்போட்டுது. உமக்கு இறால் போடட்டோ?”

நிற்பவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நிஷாந்தன் அவருடைய முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்குத் தட்டு வெறுமையாயிற்று. எமில்டா கடையைக் கழுவிவிட்டு, சங்கம் சொன்னபடியே பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பதினாலாம் பிரிவை மீறியதற்கு வருகிற சனிக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் விளக்கம் தர வேண்டும். தவறினால், ஏழாம் இலக்கக் கடையை மீளப் பெற்று வேறொரு அங்கத்தவருக்குக் கொடுக்குமாறு பிரதேச சபைக்குச் சங்கம் சிபாரிசு செய்யும். சங்கம் கொடு என்று சொன்ன கடைகள் சில வேளை கிடைக்காமல் போனதுண்டு. பறி என்று சொன்ன கடை ஒன்றும் தப்பியதில்லை.

“மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்கக்கா” என்றான் வீரையா. “நான் நாலு தடவ எழுதிக் குடுத்துருக்கேன்.”

“நீ என்னத்துக்கு எழுதினனீ?”

“அஞ்சலி நேரத்துல, பூட்டின கடைக்குள்ள தண்ணி கொதிக்கிற சத்தம் வெளிய கேட்டுச்சாம்.”

எமில்டா மன்னிப்பு எழுதவில்லை. வீரையாவிடம் சங்கத்தின் யாப்புப் புத்தகம் இருந்தது. அதை வாங்கிப் பதினாலாம் பிரிவை மூன்று தரம் வாசித்தாள். பிறகு ஒரு கொப்பியை எடுத்து, புதனும் வியாழனும், மீன் வெட்டின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பெயர் எழுதினாள். செத்துப்போன தன் சொந்தக்காரருடைய பெயர்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டம். சங்கத்தின் மண்டபம் நடராசாவின் இரும்புக்கடைக்கு மேல் மாடி. முன்வரிசையில் இரும்பும் சீமெந்தும், அதற்குப் பின்னே புடவைக்கடைகள், அதற்குப் பின்னே பலசரக்கு, அதற்கும் பின்னே முடிவெட்டுகிறவர், தையற்காரர், தேநீர்க்காரர். மீன்காரர் வரும்போது கதிரை முடிந்துவிடும். அது எப்படியோ ஒவ்வொரு கூட்டத்திலும் சரியாக அந்த இடத்தில் முடிந்துவிடும்.

நடராசா வளரும் நகரத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “எமில்டா, எழும்பும்” என்றார். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“விளக்கக் கடிதம் கொண்டந்தனீரோ?”

“கடிதமில்லை, கொப்பி கொண்டந்தனான், தலைவர். பதினாலாம் பிரிவை நான் மீறேல்லை. சங்கம்தான் மீறியிருக்கு.”

முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

“நான் முன்னூற்றுப் பன்னிரண்டாம் அங்கத்தவர். என்ரை இரத்த உறவில நாப்பத்திமூண்டு பேருக்குச் சங்கம் இன்னும் பூட்டேல்லை. அதை ஒருக்கால் தீர்த்துப்போட்டு, பிறகு என்ரை பிழையைக் கதைப்பம்.”

அவள் கொப்பியை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். ஐயா, அம்மா, மூத்தண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பேர், சின்ன மாமா: இவர்கள் கடல் வந்த மார்கழியில் போனவர்கள். சின்னக்கா மார்கிறட், அவளுடைய நாலு பிள்ளைகள், தன் புருசன், புருசனுடைய தமையன்மார் இருவர்: இவர்கள் கடைசிச் சண்டையில். மீன் பெயர் சொல்லி நிறுக்கிறவளுடைய குரல்தான். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

நடராசா மேசையைத் தட்டினார்.

“எமில்டா, நில்லும். உதெல்லாம் பழைய சாவெல்லோ.”

“ஓம், பழசுதான். பழைய சாவுக்கு எத்தினை வீதம் கழிவு, தலைவர்?”

சபையிலிருந்த எல்லோரும் விலையில் கழிவு கொடுத்தும் வாங்கியும் பழகினவர்கள். கேள்வி ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை.

“சங்கம் இப்ப நடக்கிற சாவுக்குத்தான் பூட்டுறது” என்றார் நடராசா.

“போன ஆவணியில உங்கட ஐயாவின்ர இருபத்தைஞ்சாம் ஆண்டுத் திவசத்துக்குப் பூட்டினனாங்கள். அவர் இன்னொருக்காச் செத்தவரோ?”

நடராசா செயலாளரைப் பார்த்தார். நிஷாந்தன் யாப்பைப் புரட்டினார். முன்னுக்குப் பார்த்தார், பின்னுக்குப் பார்த்தார். இறக்குமிடத்து என்றிருந்ததே தவிர, எப்போது இறக்குமிடத்து என்று ஓரிடத்திலும் இல்லை.

அப்போதுதான் நடக்கக்கூடாதது நடந்தது. பின்வரிசையில் முடிவெட்டுகிற மாயாண்டி எழும்பினார். அதுவரை அவர் கூட்டத்தில் வாய் திறந்ததை யாரும் கண்டதில்லை. “எனக்கு ஒன்பது” என்றார். சொல்லிவிட்டு இருந்தார். மருந்துக்கடை நிரோஜா எழும்பி, “பதினாறு” என்றாள். தையற்காரர் விரல்விட்டு எண்ணிப்பார்த்து, விரல் போதாமல் பக்கத்துக்காரரின் விரலையும் பார்த்து, “பன்னிரண்டு... இல்லை, பதின்மூண்டு” என்றார். வீரையா, “நான் எழுதி வச்சதில்ல. ஆனா எண்ணி வச்சிருக்கேன்” என்று சொல்லி, இருபத்தொன்று என்றான். பலசரக்கு எழும்பியது. புடவைக்கடை எழும்பியது. யாராவது பெயர் சொன்னார்களா என்றால் இல்லை, இலக்கம் மட்டும்தான். நிஷாந்தன் செயலாளர் என்ற கடமைக்கு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் தலை நிமிராமல், “எனக்கு ஆறு” என்று தனக்குத்தானே சொல்லி, அதையும் எழுதினார்.

கூட்டிப் பார்த்ததில் இரண்டாயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று வந்தது.

“நாளுக்கு ஒண்டெண்டு வைச்சால்,” என்றார் நிஷாந்தன், “இண்டையிலயிருந்து எட்டு வருஷத்துக்குக் கடை திறக்க ஏலாது. தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து. அதுக்கிடையில புதுசா ஒருத்தரும் சாகக் கூடாது.”

மண்டபத்தில் நானூறு பேரளவில் இருந்தார்கள். அதில் பூட்டாத சாவென்று எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத ஒரே ஆள் நடராசா. அந்த வருடங்களில் அவர் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து, சனம் இடிந்த வீட்டைக் கட்டத் தொடங்கும் என்று தெரிந்தபிறகுதான் சீமெந்தோடு வந்து இறங்கினார். எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் அவருக்குப் பட்டது. உண்மையில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் ஒரு சங்கத்தின் தலைவர். தலைவர் என்றால் எந்த நெருக்கடியிலும் ஒரு முட்டாள்தனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தார்.

“எமில்டா, ஒண்டு கேக்கிறன். உங்கட பக்கத்தில கடலுக்குப் போறதை என்னெண்டு சொல்லுறனீங்கள்?”

“தொழிலுக்குப் போறது எண்டுதான்.”

“ஆ! தொழில்!” நடராசா எழும்பியே விட்டார். “கேட்டியளோ? தொழில் எண்டு அவவே சொல்லுறா. இது என்ன சங்கம்? வர்த்தகர் சங்கம். வர்த்தகம் வேறை, தொழில் வேறை. மீன் தொழில். அது வர்த்தகத்துக்குள்ள வராது. உம்மைச் சேர்த்ததே பிழை. உமக்கு அங்கத்துவம் இல்லை. அங்கத்துவம் இல்லாதவவின்ர கொப்பிக்கும் இஞ்ச இடமில்லை. அதைப் பார்த்து மற்றவை சொன்ன கணக்கும் ஒழுங்குக்கு மாறானது.”

முன்வரிசை கைதட்டியது. இரும்பு கைதட்டினால் அந்தச் சத்தமே வேறு.

நாயாற்றுப் பக்கத்தில் தொழில் என்றால் கடல் ஒன்றுதான். டொக்டருக்குப் படித்து வந்தவனைக்கூட, “அவன் பாவம், தொழில் தெரியாது” என்று சொல்லுகிற ஊர். அந்தச் சொல்லைத் தூக்கித் தன் முகத்திலேயே எறிந்தபோது எமில்டாவுக்குக் காதுவரை சூடு ஏறியது. இருபத்தைந்து பேரை வாசித்துவிட்டாள். இன்னும் பதினெட்டுப் பேர் கொப்பியில் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு சொல் கேட்டிருந்தால் கொப்பியாலேயே அவருடைய கண்ணாடியைத் தட்டியிருப்பாள். ஆனால் வாயைத் திறக்கப் போகையில், அந்தாள் சொன்னதை இன்னொருமுறை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். தட்டு தன் பக்கம் இறங்கியது.

“அப்ப நான் இந்தச் சங்கத்தில இல்லை?”

“இல்லை!”

“உங்கட விதி ஒண்டும் என்னைக் கட்டாது?”

“ஒண்டும் கட்டாது. நீர் ஆர், நாங்கள் ஆர்!”

“சரி. அதைக் கடிதமாத் தாங்கோ.”

நடராசா அங்கேயே கடிதத்தலைப்பு எடுப்பித்தார். மீன் விற்பனை தொழில் என்பதாலும் வர்த்தகம் அன்று என்பதாலும், ஏழாம் இலக்கக் கடை எமில்டா சங்கத்தின் அங்கத்தவரல்லர் என்றும், சங்கத்தின் எந்த விதியும் எந்தத் தீர்மானமும் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், ஒரு தொழிலாளியிடம் விளக்கம் கேட்பது சங்கத்தின் தகுதிக்கு இழுக்கு என்பதால் முந்திய கடிதம் வாபஸ் பெறப்படுகிறது என்றும் சொல்லச் சொல்ல நிஷாந்தன் எழுதினார். பாதியில் நிறுத்தி, தலைவரின் காதுக்கிட்டக் குனிந்தார்.

“தலைவர், அங்கத்தவர் இல்லையெண்டால் கடையைப் பறிக்கச் சொல்லவும் எங்களுக்கு உரித்தில்லை. அங்கத்தவற்றை கடைக்குத்தான் சிபாரிசு...”

“நீர் எழுதும் ஐசே! சங்கத்தின்ர மானம் போகுது, உமக்குக் கடை!”

முத்திரை குத்தப்பட்டது. நடராசா அதை ஒருமுறைக்கு மூன்றுமுறை குத்தினார். எமில்டா கடிதத்தை வாங்கி, மை காயும்வரை ஊதி, கொப்பிக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். திங்கட்கிழமை அதைப் பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டித் தரும்படி நிஷாந்தனின் அச்சகத்திலேயே கொடுத்தாள். அவரும் செய்து கொடுத்தார். வர்த்தகர் அல்லவா.

அடுத்த பூட்டு வர ஆறு நாள் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசை இரும்பு ஒன்றின் சகலன். சந்தி முழுவதும் வெள்ளைக் கொடி. வவுனியாவில் இருந்து வந்த பஸ்ஸும், நெளுக்குளத்தில் இருந்து வந்த சந்தைச் சனமும், அந்தப் பட்டினத்தில் திறந்திருந்த ஒரே கடையைத் தேடிக் கண்டுபிடித்தன. எமில்டாவின் தலைக்கு மேல் கடிதம் தொங்கியது. வந்த சனத்துக்கு வேறு எதையும் வாங்க வழியில்லாதபடியால் எல்லாரும் மீன் வாங்கினார்கள். கலியாண வீட்டுக்குச் சேலை எடுக்க வந்த குடும்பம் ஒன்று அரைக்கிலோ நெத்தலியோடு போனது. சைக்கிளுக்கு ரியூப் தேடி வந்த கிழவர் கணவாயை எடுத்து நீள அகலம் பார்த்தார் என்று வீரையா இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். எட்டரை மணிக்கு ஐஸ் மட்டும்தான் மிஞ்சியது. அதையும் யாரோ கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வீரையா அச்சகத்தின் வாசலில் நின்றான்.

“என்னையும் வெலக்கிருங்க சார். டீ ஆத்துறது தொழிலுங்க. வேணும்னா கையப் பாருங்க.”

மாயாண்டி, முடிவெட்டுவது ஆதிகாலத்திலிருந்தே தொழில் என்று வாதாடினார். தையற்காரரும் அப்படியே. நிரோஜா, மருந்து விற்பது சேவை என்றும், தன்னை இவ்வளவு காலம் வர்த்தகர் என்று அழைத்ததற்குச் சங்கம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று வாரத்தில் நீக்கல் கடிதத்துக்கு நின்ற வரிசை சந்தியைத் தாண்டி வளைந்து, பஸ்ஸுக்கு வழிவிடாமல் பொலிஸ் வரவேண்டியதாயிற்று. முன்னூற்றுத் தொண்ணூறாவது கடிதத்தை அடித்து முடித்த நிஷாந்தன், அச்சடிப்பது கலை என்று தனக்கும் ஒரு கடிதம் அடித்து, தானே முத்திரை குத்திக்கொண்டார்.

சங்கத்தில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். எல்லாம் இரும்பும் சீமெந்தும். ‘அங்கத்துவம் தரமுயர்த்தப்பட்டுள்ளது’ என்று இந்த வருட அறிக்கை சொல்கிறது. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் அறிக்கை மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அதை முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஒன்பது பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆகவே அந்த இரண்டாயிரத்துத் தொளாயிரத்துப் பதினொரு பேரும் உறுதிப்படுத்தப்படாமலே அலுமாரிக்குள் இருக்கிறார்கள்.

நாவல்முறிப்பின் பொருளாதாரமோ, சங்கத்தின் ஆதரவை இழந்த நாளிலிருந்து பார்க்கப் பரிதாபமாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

போன ஞாயிறு அந்த ஒன்பதில் ஒருவருடைய சம்பந்தி போய்விட்டார். ஒன்பது கடையும் பூட்டு. அவற்றின் பின்கதவுகள் வழக்கம்போல். பத்து மணியளவில் நடராசாவின் மனைவி விமலேஸ்வரி குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் வந்தாள். குடை தாழ்ந்ததால் அவளை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

“அந்தப் பாரை என்ன மாதிரி, எமில்டா?”

“விடியப் பட்டது, அக்கா. இண்டைக்கு உங்கட சங்கத்துக்குத் துக்கமெல்லோ?”

“துக்கம் அவைக்கு. எனக்குப் பசி” என்றாள் விமலேஸ்வரி. “கொண்டா, கெதியா வெட்டு. நடுமுள்ளை எடுத்துப்போடு.”

எமில்டா செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறி, ஒரே வெட்டில் தலையைத் தனியே எடுத்தாள். நல்ல பெரிய தலை.

“தலை வேணுமோ, அக்கா?”

விமலேஸ்வரி அதை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“வேண்டாம் பிள்ளை. வீட்டில ஒண்டு சும்மா கிடக்கு.”